காலியாக வைக்கப்படும் ஒரு தட்டு
(திருவருகைக் கால வானொலி மறையுரை)



திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில் இருக்கிறோம். குடிலுக்கு வைக்கோல் வந்துவிட்டது, வாசலில் நட்சத்திரம் ஏறிவிட்டது. இப்போது நம் வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி எது? 'விழா அன்றைக்கு என்ன சமைக்கிறது?' என்பதுதான். கறி எத்தனை கிலோ சொல்லிவைப்பது, அதிரசத்துக்கு என்றைக்கு மாவு இடிப்பது, எந்தெந்த வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது என்று அம்மாக்களும் பாட்டிமார்களும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வழிபாட்டுக்குத் தயாரிக்க வேண்டிய நேரத்தில் இப்படி அடுப்பங்கரையிலேயே பொழுது போகிறதே என்று சிலர் மனம் நோவதும் உண்டு.

அப்படி நோக வேண்டியதில்லை. ஆண்டவர் தமது கடைசிப் பாஸ்கா விருந்துக்கு முன்பு பேதுருவையும் யோவானையும் அழைத்து, போய் ஏற்பாடு செய்யுங்கள் என்று அனுப்பியதை லூக்கா நற்செய்தி சொல்கிறது. திருத்தூதர்களுள் முதன்மையானவரும், அன்புச் சீடர் என்று நாம் போற்றுகிறவரும் அன்று செய்தது விருந்துக்கு ஆயத்தம் செய்யும் வேலைதான். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் தாமே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்கிறது யோவான் நற்செய்தி. ஆகவே விருந்து தயாரிப்பதும் நற்செய்திக்குள் இருக்கிற வேலையே. எந்த மனத்தோடு தயாரிக்கிறோம், யாருக்காகத் தயாரிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியோடு இன்று உங்களைப் போலந்து நாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். அந்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் டிசம்பர் 24 மாலையில் உண்ணும் விருந்துக்கு 'விகிலியா' என்று பெயர். பல நூற்றாண்டு துன்பங்களுக்கு நடுவிலும் அந்த மக்கள் கைவிடாத ஒரு விருந்து அது. அதன் வரலாற்றைக் கேட்டால், நம் வீட்டு விருந்தைப் பற்றியும் யோசிக்கத் தோன்றும்.

விழித்திருப்போரின் உணவு

விகிலியா என்ற சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. விழித்திருத்தல், காவல் காத்தல் என்பது அதன் பொருள். நாம் திருவிழிப்பு என்கிறோமே, அதே சொல்தான். பெரிய திருநாள்களுக்கு முந்தின நாள் முழுவதும் நோன்பிருந்து, இரவில் விழித்திருந்து செபிப்பது திருஅவையின் பழைய வழக்கம். நம் தாத்தா பாட்டி காலத்தில் 'ஒருசந்தி, சுத்தபோசனம்' என்று சொல்லி இதைக் கடைப்பிடித்தார்கள். 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பிலும் கிறிஸ்து பிறப்பின் முந்தின நாள், ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடைப்பிடிக்க வேண்டிய நாளாகவே இருந்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை மாற்றியமைத்த பிறகு, உலகத் திருஅவை முழுவதற்குமான கட்டாயம் என்ற நிலை போய்விட்டது.

சட்டம் போனாலும் போலந்து வீடுகளில் வழக்கம் போகவில்லை. இன்றும் பெரும்பாலான குடும்பங்களில் விகிலியா உணவில் இறைச்சி கிடையாது. மீன், காளான், முட்டைக்கோஸ், பீட்ரூட், பட்டாணி, கோதுமை, கசகசா, உலர்ந்த பழங்கள் ஆகியவைதான் அன்றைய உணவு. பகல் முழுவதும் வயிற்றைக் காயப்போட்டு, வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே பந்தியில் அமர்வார்கள். குளிர்காலத்தில் அங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பசியோடு இருக்கும் பிள்ளைகள் சன்னலோரம் நின்று, நட்சத்திரத்தை யார் முதலில் பார்ப்பது என்று காத்திருப்பார்கள். ஞானியரை வழிநடத்திய விண்மீனின் நினைவு அது. ஆக, இது நோன்பின் கடைசி உணவு, விழாவின் முதல் உணவும் கூட. உடல் பசித்திருக்கும்போதே மகிழ்ச்சி தொடங்கிவிடுகிறது.

சமையல் தொடங்குவது எப்போது?

இந்த ஒரு வேளை உணவுக்கான வேலை டிசம்பரில் தொடங்குவதில்லை, மழை பெய்து ஓய்ந்த இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குடும்பமாகக் காட்டுக்குப் போய்க் காளான் பறித்து வருவார்கள். நல்லதைப் பிரித்தெடுத்து, நறுக்கி, நூலில் மாலைபோலக் கோத்து அடுப்புக்கு மேலே உலரவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த காளான் டிசம்பர் வரை கெடாமல் இருக்கும், வாசனையும் கூடும். முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, உப்புப் போட்டு அழுத்திப் பீப்பாயில் புளிக்கவைப்பதும் அந்த நாள்களில்தான். பிளம்ஸ், ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றையும் உலர்த்தி எடுத்துவைப்பார்கள்.

திருநாளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு பீட்ரூட்டை வெட்டி, பூண்டும் உப்பும் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து, மூடிப் புளிக்க விடுவார்கள். நாம் பழைய சோற்றுத் தண்ணீரைப் புளிக்கவைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாள்களில் அது கருஞ்சிவப்புப் புளிநீராகிவிடும். 'பார்ஷ்ச்' என்ற சூப்புக்கு இதுதான் அடிப்படை. அதில் மிதக்கவிடுவதற்காக, காளான் பூரணம் வைத்துச் சின்னச் சின்ன மாவுக் கொழுக்கட்டைகள் பிடிப்பார்கள். அவற்றுக்கு 'உஷ்கா', அதாவது குட்டிக் காதுகள் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு நூறு, நூற்றைம்பது வேண்டும். ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஆகவே 23ஆம் தேதி மாலையில் பாட்டி மாவைத் தேய்க்க, அத்தைமார் பூரணம் வைக்க, பிள்ளைகள் ஓரத்தை அழுத்தி மூட, அடுப்படி முழுவதும் ஆள் கூடிவிடும். சோமாசு வடிவில் கொஞ்சம் பெரிதாகச் செய்து நீரில் வேகவைப்பது 'பியரோகி'. அதற்குள் முட்டைக்கோஸும் காளானும் இருக்கும்.

உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுக்க வேண்டும். கசகசாவைச் சூடான பாலிலோ நீரிலோ ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அரைத்து, தேனும் உலர்திராட்சையும் கலந்து, மாவுக்குள் பாய்போலச் சுருட்டிச் சுட வேண்டும். கிழக்குப் பகுதிக் குடும்பங்களில் தோல் நீக்கிய கோதுமையை முந்தின இரவே ஊறவைத்து, மெதுவாக வேகவைத்து, கசகசாவும் தேனும் சேர்த்துக் 'குத்தியா' செய்வார்கள். நம் கோதுமைப் பாயசத்தை நினைவூட்டும் பண்டம் அது. அந்தப் பகுதிகளில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள்களிலும் குத்தியா செய்கிற வழக்கம் இருந்தது. ஆகவே விழா மேசையில் அதை வைக்கும்போது, மறைந்துபோன பெரியவர்களையும் பந்திக்கு அழைத்ததாகவே பொருள்.

இப்படி மொத்தம் பன்னிரண்டு வகை உணவு. பன்னிரு திருத்தூதர்களின் நினைவாக என்று விளக்கம் சொல்வார்கள். ஒற்றைப்படை எண்ணில் உணவு வைக்கும் வழக்கமும் முன்பு உண்டு. ஏழை வீடுகளில் எண்ணிக்கையை நிரப்ப ரொட்டியையும் பட்டாணியையும் கூடத் தனித்தனியாக எண்ணிக்கொள்வார்கள். யாரும் குறை சொல்வதில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சமாவது ருசி பார்க்க வேண்டும் என்பதே வழக்கம்.

இன்று விகிலியா என்றாலே கெண்டை மீன்தான் நினைவுக்கு வருகிறது. நடுக்காலத்திலேயே துறவு மடங்கள், குறிப்பாகச் சிஸ்டர்சியன் துறவியர், குளம் வெட்டிக் கெண்டை வளர்த்தார்கள். ஆண்டில் பல நாள்கள் இறைச்சி உண்ணாதவர்களுக்கு மீன் தேவைப்பட்டது. ஆனால் கெண்டை எல்லா வீட்டு மேசைக்கும் வந்தது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். போரில் மீன்பிடிக் கப்பல்கள் அழிந்துவிட்ட நிலையில், குளத்தில் வளர்க்க எளிதான கெண்டையைப் புதிய அரசு ஊக்குவித்தது. கடவுளை ஏற்காத ஆட்சி அது. ஆனாலும் டிசம்பர் 24 மாலையில் மக்களுக்கு மீன் இல்லாமல் முடியாது என்பதை அதுவும் ஏற்க வேண்டியிருந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீனை உயிரோடு வாங்கிவந்து, குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, இரண்டு நாள் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டு, பிறகு சாப்பிட மறுத்து அழுத கதைகள் அந்நாட்டில் ஏராளம்.

வைக்கோலும் அப்பமும்

சமையல் முடிந்தது. இனி மேசை. வெள்ளைத் துணியை விரிக்கும் முன்பு, மேசைமேல் ஒரு கைப்பிடி வைக்கோலைப் பரப்புவார்கள். மீட்பர் கிடத்தப்பட்ட தீவனத் தொட்டியின் நினைவு. பெத்லகேம் என்ற ஊர்ப் பெயருக்கு எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்று பொருள். அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கிற தொட்டியில் கிடத்தப்பட்டார் நமக்கு உணவாகப் போகிறவர். அந்த மறையுண்மையைப் படிப்பறியாத உழவர்களும் ஒரு பிடி வைக்கோலால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வைக்கோலின்மேல் வெள்ளைத் துணி. அதன்மேல் ஒரு தட்டில் 'ஒப்வாடெக்'. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து, இரும்பு அச்சில் அழுத்திச் சுட்ட மெல்லிய அப்பம் அது. நற்கருணை அப்பம் போலவே இருக்கும், ஆனால் நற்கருணை அன்று. அதன்மேல் கிறிஸ்து பிறப்புக் காட்சி அச்சாகியிருக்கும். தொடக்கத் திருஅவையில் திருப்பலிக்குப் பிறகு மந்திரித்த அப்பத்தை வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அதன் எதிரொலியை இங்கே பார்க்கிறோம். முற்காலத்தில் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர் திருவருகைக் காலத்தில் இந்த அப்பத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆடு மாடுகளுக்கென்று வண்ண அப்பமும் தனியாக உண்டு, ஏனென்றால் அவையும் அந்தக் குடிலில் இருந்தவைதானே!

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். குடும்பத்தில் ஒருவர் லூக்கா நற்செய்தியிலிருந்து ஆண்டவரின் பிறப்பை வாசிப்பார். பிறகு ஆளுக்கொரு அப்பத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரிடம் ஒருவர் போவார்கள். மற்றவர் கையிலுள்ளதில் ஒரு சிறு துண்டை ஒடித்து உண்டு, அவருக்கு என்ன நன்மை நடக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாமியார் மருமகளிடம், அண்ணன் தம்பியிடம், பேரன் தாத்தாவிடம் என ஒருவரையும் விடக்கூடாது. ஆண்டு முழுவதும் பேசாமல் இருந்தவர்கள் எதிரெதிரே நிற்கும் நேரம் அது. கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு மனத்தில் பகையை வைத்திருக்க முடியாது. மன்னிப்புக் கேட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அதன் பின்னரே சூப்புக் கிண்ணத்தில் கரண்டி படும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு இந்த அப்பத்தைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவார்கள். அனுப்பும் முன்பு அதன் ஓரத்தில் சிறு துண்டை ஒடித்து உண்பதும் உண்டு. பெறுகிறவர் மீதியை உண்பார். கடல் கடந்து இருந்தாலும் ஒரே அப்பத்தை இருவரும் உண்டதாகிவிடும்.

காலி இருக்கை

இப்போது மேசையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஏழு தட்டுகள் இருக்கும். ஏழாவது தட்டுக்கு முன் நாற்காலியும் உண்டு, ஆள் இல்லை. எதிர்பாராமல் வரும் வழிப்போக்கருக்காக என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மரியாவுக்கும் யோசேப்புக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை, நம் வீட்டில் அப்படி நேரக்கூடாது என்பது அதன் பொருள். இறந்துபோனவர்களின் நினைவும் அந்தத் தட்டோடு சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் வரலாறு இந்தத் தட்டின்மேல் இன்னும் பல பெயர்களை எழுதிவிட்டது.

1795இல் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தின் கடைசிப் பகுதியையும் பங்கு போட்டுக்கொண்டன. அடுத்த 123 ஆண்டுகள், 1918 வரை, உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. 1830இலும் 1863இலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், தோற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தாய்மொழிக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில், அந்த மொழியும் விசுவாசமும் பாதுகாப்பாக இருந்த இடங்களுள் ஒன்று இந்த விருந்து மேசை. காலித் தட்டைப் பார்க்கும்போது, வெகுதொலைவில் பனியில் இருக்கும் மகனையோ கணவனையோ நினைத்துக்கொண்டார்கள் தாய்மார்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போர். 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் படையும் நுழைந்தன. 1940 பிப்ரவரி முதல் 1941 ஜூன் வரை நான்கு பெரும் அலைகளாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோவியத் அரசு ஆடு மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்துச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் அனுப்பியது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பட்டினியிலும் நோயிலும் பலர் இறந்தார்கள். 1941இல் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியபின் நிலைமை மாறியது. விடுவிக்கப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் 1942இல் ஈரான் வழியாக வெளியேறினார்கள்.

இங்கேதான் இந்தக் கதை நம் நாட்டுக்கு வருகிறது. பெற்றோரை இழந்த, எலும்பும் தோலுமாயிருந்த போலந்துச் சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கில் இந்தியாவுக்கு வந்தார்கள். நவாநகர் அரசர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, ஜாம்நகர் அருகே கடலோரத்தில் உள்ள பாலாச்சடியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். உங்களை அநாதைகள் என்று எண்ணாதீர்கள், நானே உங்களுக்குத் தந்தை என்ற கருத்தில் அவர் பேசி வரவேற்றதை, அந்தச் சிறுவர்கள் முதுமை வரையிலும் நினைவுகூர்ந்தார்கள். 1943இல் கோலாப்பூர் அருகே வளிவடேயில் இன்னொரு குடியிருப்பு எழுந்தது. ஏறத்தாழ 5000 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், 1948 வரை அங்கே வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கோவில் இருந்தது, போலந்து மொழிப் பள்ளிகள் இருந்தன. வார்சா நகரில் இன்று நல்ல மகாராஜாவின் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கருக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தட்டு வைத்த மக்கள் தாங்களே வழிப்போக்கர் ஆனார்கள். அவர்களுக்குத் தட்டு வைத்தவர் ஓர் இந்து மன்னர். விகிலியா என்ற சொல்லை அவர் முன்பு கேட்டிருக்கத் தேவையில்லை. அந்த வழக்கத்தின் உட்பொருளை அவர் செய்துகாட்டினார்.

இருவர் மட்டும் அமர்ந்த மேசை

வதோவிச்சே என்ற சிற்றூரில், கோவிலை அடுத்திருந்த ஒரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே நான்கு பேர் இருந்தார்கள். 1929இல் தாய் எமிலியா இறந்தார், இளைய மகனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. மூத்த மகன் எட்மண்ட் மருத்துவரானார். 1932 டிசம்பர் தொடக்கத்தில், ஒரு நோயாளியிடமிருந்து தொற்றிய செங்காய்ச்சலால் அவரும் இறந்தார். மூன்று வாரம் ஆகும் முன்பே விகிலியா வந்துவிட்டது. ஓய்வுபெற்ற படை அலுவலரான தந்தையும், 12 வயது மகனும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். சமையல், தையல் எல்லாம் தந்தையின் பொறுப்பு. 1941 பிப்ரவரியில் தந்தையும் போய்விட்டார். அந்த மகன்தான் கரோல் வொய்த்திவா, நாம் அறிந்த புனித இரண்டாம் யோவான் பவுல். குடும்பம் என்பதைப் பற்றி அவர் இறுதிவரை ஓயாமல் பேசினார். காலி இருக்கை என்றால் என்னவென்று சிறுவயதிலேயே அறிந்தவர் அவர்.

அவர் திருத்தந்தையாகி மூன்று ஆண்டுகள் கழித்து, 1981 டிசம்பர் 13 அன்று, போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன. தொழிற்சங்கத்தினர், அறிஞர்கள், மாணவர்கள் என ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவில் வீடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். 16ஆம் தேதி வுயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், அவர்களுள் சிலர் மருத்துவமனையில் கிடந்து பின்னர் இறந்தார்கள். அதற்கு எட்டாம் நாள் விகிலியா. உணவுப் பொருள்கள் ஏற்கெனவே பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தன. அந்த மாலையில் எத்தனை வீடுகளில் தட்டு காலியாக இருந்திருக்கும்! யாருக்காக அது என்று கேட்கத் தேவையே இல்லாத ஆண்டு அது. வார்சாவில் பிவ்னா தெருவிலுள்ள தூய மார்ட்டின் கோவிலில், சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவும் குழு இயங்கத் தொடங்கியிருந்தது. 24ஆம் தேதி மாலை வத்திக்கானில் தமது அறைச் சன்னலில் திருத்தந்தை ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்தார். நான்கு பேரில் ஒருவராய் மிஞ்சியவர், தம் மக்கள் அனைவருக்காகவும் ஏற்றிய விளக்கு அது.

தட்டு மட்டும் போதுமா?

இத்தனை அழகான வழக்கத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. தட்டை வைப்பது எளிது, கதவு தட்டப்படும்போது திறப்பதுதான் கடினம். போலந்து மக்களே இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். 2021இல் பெலருஸ் எல்லைக் காடுகளில், வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் குளிரில் சிக்கித் தவித்தன. எல்லையில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், சிலர் காட்டிலேயே இறந்தார்கள். அந்த ஆண்டு விகிலியாவில் பலருக்கு அந்தக் காலித் தட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எல்லையோரக் கிராமங்களில் சில குடும்பங்கள் வீட்டில் பச்சை விளக்கு எரியவிட்டு, இங்கே உணவும் உதவியும் கிடைக்கும் என்று அறிவித்தன. சில மாதங்களில் உக்ரைனில் போர் மூண்டது. எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான தாய்மாரையும் பிள்ளைகளையும் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளிலேயே தங்கவைத்தன. ஒரே மக்கள்தான், ஒரு குளிர்காலத்தில் தயங்கினார்கள், அடுத்த சில மாதங்களில் கதவைத் திறந்தார்கள். நம் உள்ளமும் அப்படித்தானே இருக்கிறது?

கிராக்கூவ் நகரின் பெரிய சந்தைச் சதுக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்புக்கு முன்பு, வீடற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் வெட்டவெளியில் விகிலியா உணவு பரிமாறுகிறார்கள். திருவருகைக் காலத்தில் கோவில்கள்தோறும் காரித்தாஸ் அமைப்பின் மெழுகுதிரிகள் விற்கப்படுகின்றன. அந்தப் பணம் ஏழைக் குழந்தைகளுக்குப் போகிறது. அந்தத் திரி விருந்து மேசையில் எரியும். 2025 முதல் டிசம்பர் 24 அந்நாட்டில் அரசு விடுமுறை நாளாகியிருக்கிறது. அதுவரை, கடைகளில் மாலை நெருங்கும் வரை நின்று பிறர் விருந்துக்குப் பொருள் விற்றுவிட்டு, தங்கள் வீட்டு நட்சத்திரத்தைப் பார்க்க ஓடிய பெண்கள் எத்தனையோ பேர். மேசையில் யாருக்கு இடம் இல்லை என்று கேட்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில்

நாம் போலந்து மக்களைப்போலப் பீட்ரூட் சூப்பு வைக்க வேண்டியதில்லை. நமக்கு நம் வழக்கங்கள் உண்டு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்டு. பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பலகாரத் தட்டு போகும். தென் மாவட்டங்களில் கோவில் திருநாளில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனம் உண்டு. இவையெல்லாம் நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல வழக்கங்கள். அவற்றின் உட்பொருளை இழந்துவிடாமல் இருக்க, இந்த வரலாற்றிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சமையல் வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். குட்டிக் காதுகளைக் குடும்பமே சேர்ந்து பிடித்ததுபோல, இந்த ஆண்டு முறுக்குப் பிழிவதிலும் வெங்காயம் உரிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும். வதோவிச்சேயில் ஒரு தந்தை தனியாகச் சமைத்தார், அதனால் அவருடைய மதிப்பு குறைந்துவிடவில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் அம்மா களைப்பில் கண்ணயர்கிறார் என்றால், அதற்கு வீட்டில் எல்லாரும் பொறுப்பு.

இரண்டாவது, இலை போடும் முன்பு சமாதானம். ஒப்வாடெக் நம்மிடம் இல்லாவிட்டால் என்ன? ஓர் இட்லித் துண்டையோ கேக் துண்டையோ எடுத்து, பேசாமல் இருக்கும் தம்பியிடம், வருத்தத்தில் இருக்கும் மருமகளிடம், மனம் நொந்த மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நல்லா இருக்கணும் என்று ஒரு வார்த்தை சொல்ல நம்மால் முடியும். முதலில் போகிறவர் பெரியவராக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள், அதை நிரப்பவும் திட்டமிடுங்கள். நமக்கு விருந்து தந்து ஈடு செய்ய இயலாதவர்களை அழைக்குமாறு ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அந்த வழிப்போக்கர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். கட்டட வேலைக்கு வந்து, தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத்துத் தம்பிகள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், இந்த ஆண்டு கணவரை இழந்து, விழாவே வேண்டாம் என்று விளக்கணைத்திருக்கும் சகோதரி, விடுதியில் தங்கி ஊருக்குப் போக வழியில்லாத செவிலிய மாணவி எனப் பலர் இருக்கிறார்கள். கறி எத்தனை கிலோ என்று கணக்குப் போடும்போதே இவர்களுள் ஒருவரையும் சேர்த்து எண்ணிக்கொண்டால், அழைப்பது எளிதாகிவிடும். கடைசி நேரத்தில் மிச்சத்தைக் கொடுத்தனுப்புவதற்கும், முதலிலேயே தட்டு வைத்து அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அது வாங்குகிறவருக்குத் தெரியும்.

செபிப்போம். எங்களுக்கு உணவாக வந்த ஆண்டவரே, இந்த நாள்களில் அடுப்பின் முன் நின்று உழைக்கும் கைகளை ஆசீர்வதியும். எங்கள் வீட்டில் காலியாகிப்போன இருக்கைகளை நீர் அறிவீர். அங்கே அமர்ந்திருந்தவர்களை உமது வானக விருந்தில் சேர்த்துக்கொள்ளும். பகையால் பிரிந்தவர்களை ஒரே பந்தியில் அமரச் செய்யும். நீர் யாருடைய உருவில் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கிற மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துகள்.